மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை

எனக்கு 54 வயது. காரைக்குடிப் பக்கம். எங்கள் வீட்டை ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவில் தொழில் செய்தபோது கட்டினார்கள். பர்மா தேக்குத் தூண்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. இன்று 14 புள்ளிக்கு, அதாவது 14 குடும்பத்துக்கு, சொந்தம். மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். சாவிக்கொத்து என்னிடம்.

என் அப்பச்சி கடைசியாக, "வீட்டை விட்டுறாதப்பா" என்றார்கள். ஒன்பது வருடமாக விடவில்லை. ஓடு மாற்ற, சுவரில் முளைக்கும் ஆலங்கன்றை வெட்ட, கரையானுக்கு மருந்தடிக்க என்று என் சேமிப்பு கரைகிறது. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போகிறேன். மனைவி பேச்சையே குறைத்துவிட்டாள். போன மாதம் பெரியப்பச்சி மகன், எனக்கு அண்ணன், போனில் "தூணும் கதவும் நல்ல விலைக்குப் போகுதாமே" என்றார். அன்றிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. அவரை வெறுக்கிறேன். சில நேரம் வீட்டையும்.

ஆலோசகர் பதில்:

முதலில் ஒரு மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டுங்கள். 54 வயதில் படபடப்பை மனசின் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன், இல்லை: செலவைப் பங்காளிகளிடம் சொன்னீர்களா? கல்யாணத்துக்கு அவர்கள் வரும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பளபளவென்று துடைத்து, ஒழுகும் அறைகளைப் பூட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீடு தானாகவே நிற்கிறது என்று நம்புகிறவர் கண்ணில் தூணின் விலைதான் படும். அண்ணன் பேச்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவருக்கு நீங்கள் பாதியைத்தான் காட்டியிருக்கிறீர்கள்.

ஏன் மறைத்தீர்கள்? கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால் என்ற பயம் இருக்கலாம். 'நான்தான் காப்பாற்றுகிறேன்' என்ற பெருமையும் கொஞ்சம் இருக்கலாம். சுமையைப் பகிர்ந்தால் சாவியையும் பகிர வேண்டும். கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும் வழக்கத்தில் வந்தவர் நீங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை ஒதுக்கிக் கட்டிய வீட்டுக்கு ஓடு மாற்ற மட்டும் ஏன் ஒற்றை ஆள்? அப்பச்சி 'தனியாகச் சும' என்று சொல்லவில்லையே.

ஒன்பது வருடக் கணக்கை எழுதுங்கள். ஒழுகும் இடத்தைத் துடைக்காமல் படமெடுத்து அனுப்புங்கள். 'வீட்டைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்காதீர்கள்; இந்த வருட ஓட்டு வேலைக்குப் புள்ளிக்கு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சிலர் தரமாட்டார்கள். அதன்பின் பின்கட்டைப் பூட்டிவிட்டு முகப்பையும், முற்றத்தைச் சுற்றிய வளவையும் மட்டும் பராமரிக்கலாம். கானாடுகாத்தானில் நடப்பதுபோல் விடுதிக்கும் விடலாம். விற்பதைப் பற்றிப் பேசுவதும் துரோகமில்லை. கூட்டுச் சொத்தில் எந்தப் பங்காளியும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம் என்பதால், பேச்சு முந்தட்டும்.

(சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு ஒட்டுப்போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். என் வேலையில்லைதான், இருந்தாலும்.)

எழுதிய கணக்கை முதலில் மனைவியிடம் காட்டுங்கள். முழுத் தொகை அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.