நோக்கத்தோடும் நிம்மதியோடும் நீண்ட நாள் வாழ என்ன வழி?

கேள்வி கேட்டவர் தனக்கு 34 வயது, சம்பளத்துக்குக் குறையில்லை, ஆனால் காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதே கேள்வி 60 வயதில் வந்தது. அதனால்தான் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். 2022ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முதல் மாதம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் எழுந்திருக்கும் நேரம் எட்டாகி, ஒன்பதாகி, பகலெல்லாம் படுத்து இரவெல்லாம் விழித்துக் கிடக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். போனில் "சாப்டீங்களாப்பா" என்பார்கள், "ஆச்சு" என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். சர்க்கரையும் ஏறியது.

பக்கத்துத் தெருவில் என் அத்தை இருக்கிறார், அப்பாவின் தங்கை. அப்போதே அவருக்கு 78 வயது. அரை ஏக்கர் மல்பெரி வைத்துக்கொண்டு தனியாகப் பட்டுப்புழு வளர்க்கிறார், ஒரு தடவைக்கு 50 முட்டை. முட்டை என்று நாங்கள் சொல்வது ஒரு தாய்ப்பூச்சி இட்ட மொத்தத் தொகுதியை. ஒவ்வொன்றிலும் நானூறு ஐந்நூறு புழு வரும். அந்தச் சமயம் பார்த்து அத்தை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். புழுக்கள் நாலாவது தோல் உரித்து எழுந்த நேரம். பிறந்ததிலிருந்து கூடு கட்டும் வரை தின்னும் தழையில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் தின்னும். "ஒரு வாரத்துக்கு மட்டும் தழை வெட்டிப் போடுடா, போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

விடியற்காலை நாலரைக்குப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் அடுக்கில் இலையே இல்லை, வெறும் குச்சி. அத்தை சொன்னபடி ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்த தழையை எடுத்துக் கொம்போடு பரப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஓலைக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஒரு மூலையில் ஆரம்பித்து ஷெட் முழுக்கப் பரவியது. இருபதாயிரம் புழு தின்கிற சத்தம். நான் வராமல் இருந்திருந்தால் இந்தச் சத்தம் இருந்திருக்காது என்று அந்த இருட்டில் நின்றுகொண்டு நினைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன்.

ஆறேழு நாளில் புழுக்கள் தின்பதை நிறுத்தின, உடம்பு கண்ணாடி மாதிரி மஞ்சளாகித் தலையைத் தூக்கி ஆட்டின. அத்தை இடது கையாலேயே பொறுக்கி, கூடு கட்டுவதற்கான பிளாஸ்டிக் வலையான நெட்ரிகாவில் விட்டார். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போன அன்று, ஒரு கூட்டை என் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். உள்ளே கூட்டுப்புழு கொடகொடவென்றது. "நல்லா கட்டியிருக்கு பாரு" என்றார். இத்தனை வருஷம் வேலை செய்து யாரும் அப்படி என் காதில் ஒன்றை ஆட்டிக் காட்டியதில்லை.

நான் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு வேலையில் இறங்கவில்லை. போகாவிட்டால் கெட்டுப்போகும் என்ற ஒன்றுக்காகப் போனேன், மற்றது பின்னால் வந்தது. பேட்ரிக் ஹில், நிக்கோலஸ் டூரியானோ என்ற இருவர் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் 14 வருட விவரங்களை வைத்து 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாழ்வில் நோக்கம் உண்டு என்று சொன்னவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. இளவயதா முதுமையா, வேலையில் இருக்கிறாரா ஓய்வு பெற்றவரா என்பதால் அது மாறவில்லை. எனக்குத் தெம்பு கொடுத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

ஆனால் நோக்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா சாகும் வரை நிலத்தை விட்டுப் பிரியாதவர். அவருக்குக் கடைசிப் பத்து வருஷம் முதுகு நிமிரவில்லை. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையில் தொடங்கி எலும்பு வரை போகும். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிக் காவிரித் தண்ணீர் வருவதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. நல்ல தண்ணீரும் பக்கத்தில் ஒரு டாக்டரும் இல்லாத ஊரில், நீண்ட ஆயுளுக்கு மனசை மட்டும் சரிசெய்யச் சொல்வது நியாயமில்லை. நானும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை.

உங்களுக்குப் புழு வேண்டாம். நாளைக் காலை நீங்கள் போகாவிட்டால் வாடுகிற ஒன்று, அல்லது காத்திருக்கிற ஒருவர், அப்படி எதையாவது கையில் எடுங்கள். கணக்கு வராத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரம் மூன்று நாள் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். கிழமையும் நேரமும் குறித்து ஒப்புக்கொள்ளுங்கள், முடிந்தபோது செய்கிறேன் என்று விடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அத்தைக்குக் கை சரியாகிவிட்டது. நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கூடு விற்று, ஷெட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அடுத்த புழு வரும் வரை பத்து நாள் சும்மா இருக்கும். அந்தப் பத்து நாள் இப்போதும் எனக்குக் கஷ்டம்தான். நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து தோட்டத்துப் பக்கம் போனால், அத்தை எனக்கு முன்னால் வந்து மல்பெரிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருப்பார்.