டேக்வாண்டோ, கராத்தே வடிவங்களின் பெயர்களை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

ஒரே வடிவத்தின் (வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்பின்) பெயர் கையேட்டுக்குக் கையேடு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த பெல்ட் தேர்வுக்குப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்லன். டேக்வாண்டோ கற்பிப்பவன், பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டவன்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் பெரும்பாலும் பிழைகள் அல்ல. கொரிய மொழியை ரோமன் எழுத்தில் எழுத 1930களில் வந்த மெக்கூன்–ரைஷாவர் முறையும், 2000இல் தென்கொரிய அரசு அறிவித்த முறையும் இருக்கின்றன. முதல் எழுத்து 'கே' ஆனாலும் 'ஜி' ஆனாலும் 'கொர்யோ' ஒரே பூம்சேதான் (டேக்வாண்டோ வடிவம்). சான்றிதழிலும் விண்ணப்பத்திலும் உங்கள் சங்கம் எழுதுகிறபடியே எழுதுங்கள். ஆனால் அந்த ரோமன் எழுத்தை ஆங்கிலமாக நினைத்துப் படிக்காதீர்கள்.

ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வடிவங்களில் 'தன்குன்', 'ஜுங்குன்' ஆகிய இரண்டு பெயர்களும் ரோமன் எழுத்தில் 'ஜி-யு-என்' என்றே முடிகின்றன. கொரிய எழுத்தில் இரண்டும் வேறு உயிர்கள். முன்னதில் இதழ் குவிகிற, 'குடம்' என்பதில் வருகிற உகரம். பின்னதில் வருவதோ, 'பட்டு', 'காசு' என்று முடிக்கும்போது இதழ் குவியாமல் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. அது நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லின் நடுவில் ஒலிக்கப் பழகினால் போதும். 'தெகுக்' என்ற பூம்சே வரிசைப் பெயரின் இரண்டாம் அசையிலும் அதே ஒலிதான்.

என் மாணவி ஒருத்தி தேர்வில் 'ஜுங்குன்' என்று இப்படித்தான் சரியாகச் சொன்னாள். தேர்வாளர் இடைமறித்து, ஆங்கிலத்தில் துப்பாக்கியைச் சொல்வதுபோல 'ஜூங்-கன்' என்று திருத்தி, அவளைத் திரும்பச் சொல்லவும் வைத்து, மதிப்பெண்ணையும் குறைத்தார். அந்த வடிவத்தில் 32 அசைவுகள் இருப்பது, 1910இல் தூக்கிலிடப்பட்ட கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்குன் கொரியக் கணக்கில் அடைந்த வயதைக் குறிக்கிறது என்பதை அவள் பிழையின்றி விளக்கியிருந்தாள். ஒரு மனிதரின் நினைவாக வைத்த பெயரை அவருடைய மொழியில் சொன்னதற்காக ஒரு குழந்தை தண்டிக்கப்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. "உதை சரியாக இருந்தால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது" என்று சிலர் கேட்பார்கள். பெயருக்கு மதிப்பெண் வைத்துத் தேர்வு நடத்துபவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கையேடு அச்சிடும் சங்கங்கள் ஒவ்வொரு பெயரின் அருகிலும் கொரிய எழுத்தை அச்சிட்டிருந்தால் அன்றே இது தீர்ந்திருக்கும்.

'தொய்-கை' என்று பலர் படிக்கும் வடிவம், 16ஆம் நூற்றாண்டு அறிஞர் யீ ஹ்வாங்கின் புனைபெயர். அதை 'த்வேகே' என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும். 'சுங்மு' என்பதில் இரண்டு 'ஓ' எழுத்துகளைப் பார்த்து உகரத்தை நீட்ட வேண்டாம், அது ஆங்கில வழக்கத்துக்காக எழுதப்பட்டது.

கராத்தே வடிவங்களின் ஜப்பானியப் பெயர்கள் நமக்கு எளியவை, ஏனென்றால் அங்கும் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். 'ஹேஅன்' என்பதில் முதல் உயிர் நெடில், அடுத்தது குறில். 'ஹையான்' என்பது தவறு. 'தெக்கி' என்பதில் இரட்டித்த ககரத்தில் ஒரு கணம் நின்று சொல்ல வேண்டும், இது தமிழருக்குத் தானாகவே வரும். 'ஹேஅன்' வடிவத்தையே வேறொரு பள்ளியில் 'பினான்' என்று கேட்டால் அதை வேறு கட்டா (கராத்தே வடிவம்) என்று நினைத்துவிடாதீர்கள். கராத்தே ஆசான் ஃபுனகோஷி 'பினான்' என்ற பெயரை 'ஹேஅன்' என்று மாற்றியபோதும் அதே இரண்டு சீன எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டார், படிக்கும் முறையே மாறியது. அதே எழுத்துகளைக் கொரியர்கள் 'ப்யொங்கான்' என்பதை ஒட்டிப் படிப்பதால், தாங்-சூ-தோ என்ற கொரியத் தற்காப்புக் கலைப் பள்ளிகளில் அந்தப் பெயரையும் கேட்பீர்கள்.