யார் சொன்னது, யாரிடம் கேட்டது? நபித்தோழர்கள், இறைநேசர்கள், இமாம்கள் வரலாறு பற்றிய கேள்வி பதில்

நபித்தோழர்கள், இறைநேசர்கள், இமாம்கள் ஆகியோரின் வாழ்க்கையை எந்த நூல்களிலிருந்து எடுத்துச் சொல்வது, சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய கதைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே கருத்தில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மார்க்கத் தீர்ப்புக் கேட்டவர்கள் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். இங்கே வரலாறு மட்டுமே பேசப்படுகிறது.

கேள்வி: ஹஜ்ரத், நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் எல்லோரும் ஸஹாபிகள் (நபித்தோழர்கள்)தானா?

பதில்: இல்லை. நபி (ஸல்) அவர்களை ஈமான் கொண்ட நிலையில் சந்தித்து, முஸ்லிமாகவே மரணித்தவர்தான் ஸஹாபி. ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) கெய்ரோவில் காலமான இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் 'அல்இஸாபா' என்னும் நபித்தோழர் வரலாற்று நூலில் வகுத்துத் தந்த இந்த வரையறையைத்தான் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்றிருக்கிறார்கள். கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பெரும் ஸஹாபி. மாறாக, அபிசீனிய மன்னர் நஜாஷி ஈமான் கொண்டவர். அவருக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜனாஸாத் தொழுகையே (இறந்தவருக்கான தொழுகை) நடத்தினார்கள். ஆனாலும் நேரில் சந்திக்காததால் அவர் ஸஹாபிகள் கணக்கில் வரமாட்டார். யமன் நாட்டு உவைஸ் அல்கரனி (ரஹ்) அவர்களும் தாபிஈதான், அதாவது ஸஹாபிகளைச் சந்தித்த அடுத்த தலைமுறையினர்.

'அல்இஸாபா' நூலின் அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வோர் அரபு எழுத்தின் கீழும் இப்னு ஹஜர் நான்கு பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். முதலாவதில் நபித்தோழமை அறிவிப்புகளால் தெரியவருபவர்கள். இரண்டாவதில் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பிறந்த குழந்தைகள். மூன்றாவதில் அறியாமைக் காலத்தையும் இஸ்லாத்தையும் கண்டும் நபியைச் சந்தித்ததாகச் செய்தி இல்லாதவர்கள். நான்காவதில், முந்தைய நூலாசிரியர்கள் தவறுதலாக ஸஹாபிகள் பட்டியலில் சேர்த்துவிட்டவர்கள். நபித்தோழர்களைப் போற்ற எழுந்த ஒரு நூலில், 'இவர் நபித்தோழர் அல்லர்' என்று சொல்வதற்கென்றே எழுத்துக்கு எழுத்து ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்பவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

கேள்வி: வரலாற்று நூல்களில் மரண ஆண்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒருவர் எப்போது இறந்தார் என்பதால் நமக்கு என்ன பயன்?

பதில்: பொய்யைப் பிடிப்பதற்கு அதைவிடச் சிறந்த கருவி அவர்களிடம் இருக்கவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையில் எடுத்தபோது நாங்கள் அவர்களுக்கு எதிராக வரலாற்றைக் கையில் எடுத்தோம் என்று ஹதீஸ் அறிஞர் சுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. ஒருவர் 'நான் இன்னாரிடம் கேட்டேன்' என்றால், அந்த இன்னார் காலமான ஆண்டையும் சொல்பவர் பிறந்த ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டு: பஸரா நகரத்து ஞானி ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் தொழுகை விரிப்பைத் தண்ணீரின் மேல் விரித்து, அதே ஊர்ப் பெண் இறைநேசரான ராபியா (ரஹ்) அவர்களை அழைத்ததாகவும், அவர்கள் தமது விரிப்பைக் காற்றில் விரித்து மறுமொழி சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பாரசீகக் கவிஞர் அத்தாரின் 'தத்கிரத்துல் அவ்லியா'வில் வருவது அது. ஹஸன் அல்பஸரீ காலமானது ஹிஜ்ரி 110இல். ராபியா ஏறத்தாழ 80 ஆண்டுகள் வாழ்ந்து ஹிஜ்ரி 180இல் காலமானதாக வரலாற்றாசிரியர் தஹபீ (ரஹ்) எழுதுகிறார்கள்; 185 என்போரும் உண்டு. இந்த இரு கணக்குகளில் எதைப் பார்த்தாலும், ஹஸன் மறைந்தபோது ராபியா சிறுமி. இருவரும் ஞானத்தில் போட்டியிட்டதாக வரும் உரையாடல்கள் எல்லாம் பிற்காலத்தார் பஸராவின் இரு பெரும் பெயர்களை ஒன்றாகக் கோத்ததன் விளைவு. இதனால் ராபியாவின் சிறப்புக்கு ஒரு குறையும் இல்லை. நரகத்தின் அச்சத்தாலும் சொர்க்கத்தின் ஆசையாலும் அன்றி இறைவனுக்காகவே இறைவனை வணங்குவது என்ற கருத்து அவர்கள் பெயரோடு நிலைத்திருப்பதற்கு அந்த விரிப்பு தேவையே இல்லை.

கேள்வி: நபியின் பாங்கு அழைப்பாளர் பிலால் (ரலி) அவர்களுக்கு 'ஷீன்' (ஷ) எழுத்து வராது, 'ஸீன்' (ஸ) என்றே பாங்கு சொல்வார்கள், அல்லாஹ்விடம் அதுவே ஷீன்தான் என்று எங்கள் பள்ளியில் கேட்டிருக்கிறேன். உண்மையா?

பதில்: அடிப்படை இல்லாத செய்தி. ஹிஜ்ரி 742இல் காலமான ஹதீஸ் அறிஞர் மிஸ்ஸீ (ரஹ்) அவர்கள், மக்கள் வாயில் இது புழங்குகிறதே தவிர எந்த நூலிலும் தாம் காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்னு கஸீர் (ரஹ்) அவர்களும் மறுத்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான சான்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). அவர் வந்து சொன்னதும் நபி (ஸல்) அவர்கள், 'அதை பிலாலுக்குச் சொல்லிக்கொடும், அவருடைய குரல் உம்முடைய குரலைவிடச் சிறந்தது' என்றார்கள். குரலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு உச்சரிப்புக் குறையைச் சூட்டிவிட்டு, பிறகு அதை மன்னிப்பது போல ஒரு கதை சொல்வது என்ன மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஷாம் (சிரியா) நாட்டிலிருந்த பிலால் கனவு கண்டு மதீனா திரும்பிப் பாங்கு சொன்னதாகவும், ஊரே அழுததாகவும் சொல்லப்படுவதும் உறுதியானது அல்ல. இப்னு ஹஜர் அதை இட்டுக்கட்டப்பட்டது என்றே குறிப்பிடுகிறார்கள். புகாரீ ஹதீஸ் தொகுப்பில் உள்ளதைச் சொல்லுங்கள். உமர் (ரலி) அவர்கள் சொல்வார்களாம்: 'அபூபக்ர் எங்கள் தலைவர், எங்கள் தலைவரை விடுதலை செய்தவர்.' இரண்டாவதாகச் சொன்ன தலைவர், உமய்யாவின் அடிமையாக மக்காவின் சுடுமணலில் கிடந்த பிலால்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு இரவில் ஸஹாபாக்கள் வரலாறு சொல்கிறேன். வீரமும் அற்புதமும் இருந்தால்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களைச் சொல்லிப் பாருங்கள். மக்காவில் செல்வத்தில் வளர்ந்த இளைஞர். ஹிஜ்ரத்துக்கு (நபியின் மதீனாக் குடிபெயர்வுக்கு) முன்பே மதீனா சென்று குர்ஆன் கற்பித்தவர். உஹதுப் போரில் கொல்லப்பட்டார்கள். கஃபனிட (உடலைப் போர்த்தி அடக்க) கிடைத்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களின் மேல் இத்கிர் என்னும் வாசனைப் புல்லைப் போடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அறிவிப்பவர் கப்பாப் (ரலி).

அதோடு நிறுத்தாதீர்கள். பின்னொரு நாள், பெரும் செல்வந்தராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நோன்பு வைத்திருக்கிறார்கள். முன்னால் உணவு கொண்டுவந்து வைக்கப்படுகிறது. 'முஸ்அப் என்னைவிடச் சிறந்தவர். அவருக்குக் கஃபனிட ஒரு துணிதான் இருந்தது' என்று சொல்லி அழத் தொடங்கியவர்கள், உணவைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். இதுவும் புகாரீயில் இருக்கிறது. என் அனுபவத்தில், பிள்ளைகள் அந்தத் துணியின் நீளத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும், ஒரு போர்வையை வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: பெண்களைப் பற்றி நான்கைந்து பெயர்களுக்கு மேல் யாரும் பேசுவதில்லையே?

பதில்: பேசுபவர்களின் குறைதான், நூல்களின் குறை அல்ல. ஹிஜ்ரி 230இல் பாக்தாதில் காலமான இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலின் கடைசிப் பகுதி முழுவதையும் பெண்களுக்குத் தந்திருக்கிறார்கள். இப்னு ஹஜரும் அவ்வாறே செய்தார்கள். உம்மு ஹராம் (ரலி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தம் சமுதாயத்தில் ஒரு கூட்டத்தார் கடலில் பயணம் செய்வதைக் கனவில் கண்டதாக அவர்கள் வீட்டில் நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவர்களில் ஒருத்தியாகத் தாமும் இருக்க துஆ (பிரார்த்தனை) செய்யுமாறு கேட்டவர்கள் அவர்கள். பிறகு கணவர் உபாதா (ரலி) அவர்களுடன் சைப்ரஸ் படையெடுப்பில் கடல் கடந்து சென்று, வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே காலமானார்கள். லார்னகா நகருக்கு அருகே, உப்பேரிக் கரையில் அவர்களின் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

கேள்வி: இமாம் அபூஹனீஃபா இறந்த அன்றே இமாம் ஷாஃபிஈ பிறந்தார்களாமே?

பதில்: ஆண்டு ஒன்றுதான், ஹிஜ்ரி 150. அதே நாள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கேள்வி: முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களின் கராமத்துகளை (அற்புதங்களை) சந்தேகிப்பது பெரியோரை அவமதிப்பது ஆகாதா?

பதில்: கராமத் உண்டு என்பது ஸுன்னீ முஸ்லிம்களான அஹ்லுஸ் ஸுன்னத்தின் கொள்கை, அதில் பேச்சில்லை. குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி நடந்ததா என்பது வேறு கேள்வி. முஹ்யித்தீன் ஆண்டகையாகிய ஷைகு அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்கள் காலமானது ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166). அவர்களின் அற்புதங்களைப் பெருமளவில் திரட்டிய 'பஹ்ஜத்துல் அஸ்ரார்' நூலின் ஆசிரியர் ஷத்தநூஃபீ காலமானது ஹிஜ்ரி 713இல். இடைவெளி ஒன்றரை நூற்றாண்டு. பெரிய ஷைகுகளில் அப்துல் காதிரைவிட அதிகக் கராமத்துகள் உடையவர் இல்லை, ஆனால் அவர்கள் பெயரில் சொல்லப்படுவனவற்றில் பல சரியானவை அல்ல என்று தஹபீ ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்கள். அந்த நிதானம்தான் நமக்கும் வேண்டும்.

அவர்களை நேரில் கண்டவர் சொன்னதும் நம்மிடம் இருக்கிறது. பிற்காலத்தில் ஹன்பலீ மத்ஹபின் பெரும் அறிஞரான இப்னு குதாமா (ரஹ்) அவர்கள், இளைஞராக பாக்தாத் வந்தபோது ஷைகு அவர்களின் மத்ரஸாவிலேயே தங்கினார்கள். ஷைகு அவர்கள் சில வேளைகளில் தம் மகன் யஹ்யாவை அனுப்பி எங்களுக்கு விளக்கேற்றி வைக்கச் செய்வார்கள், சில வேளைகளில் தம் வீட்டிலிருந்து உணவு அனுப்புவார்கள் என்று அவர்கள் நினைவுகூர்கிறார்கள். ஒரு மாதமும் ஒன்பது நாட்களும் அங்கே இருந்தார்களாம். அதற்குள் ஷைகு காலமானார்கள். இரவில் அந்த மத்ரஸாவிலேயே ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவர்கள் நினைவாக ரபீஉல் ஆகிர் மாதத்தில் மவ்லிது (புகழ்ப்பா) ஓதும் நம் ஊர்களில் இந்தச் செய்தியை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

கேள்வி: பரங்கிப்பேட்டையில் உக்காஷா (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: விசாரணையின்றிச் சொர்க்கம் செல்லும் 70,000 பேரில் தம்மையும் சேர்க்க துஆ செய்யக் கேட்டு, 'நீரும் அவர்களில் ஒருவர்' என்ற மறுமொழி பெற்றவர் உக்காஷா இப்னு மிஹ்ஸன் (ரலி). அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில், அரேபியாவின் புஸாகாப் பகுதியில், தன்னை நபி என்று சொல்லிக்கொண்ட துலைஹாவுக்கு எதிரான போர்க்காலத்தில் அவர்கள் ஷஹீதானார்கள் (கொல்லப்பட்டு உயிர்த்தியாகம் ஆனார்கள்) என்று இப்னு ஸஅத் முதலானோர் எழுதுகிறார்கள். எனவே அந்த உக்காஷா இங்கே அடங்கியிருக்க வழியில்லை. ஊர் வழக்கு தலைமுறைகளாக வருவது. அதே பெயர் கொண்ட வேறொரு நல்லடியார் அங்கே இருக்கலாம். அலீ (ரலி) அவர்களின் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் பெயரில் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் ஸியாரத் (அடக்கத்தல தரிசன) தலங்கள் இருப்பதுபோல, இது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. அவ்வூராரிடம் இதை வாதமாக்க வேண்டாம். எழுதும்போது மட்டும் சரியாக எழுதுங்கள்.

கேள்வி: நபித்தோழர்களுக்கிடையே நடந்த ஜமல், ஸிஃப்பீன் போர்களைப் பற்றிப் பேசலாமா?

பதில்: அல்லாஹ் என் கைகளைக் காத்த அந்த இரத்தத்தில் என் நாவை நனைக்க விரும்பவில்லை என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சொன்னதாக வருகிறது, பொதுமக்களுக்கு அது போதும். ஆய்வு செய்பவர்கள், வரலாற்றாசிரியர் தபரீயின் நூலில் இந்தப் பகுதிகளில் ஸைஃப் இப்னு உமர், அபூ மிக்னஃப் ஆகியோரின் அறிவிப்புகள் மிகுதி என்பதையும், இருவரையும் ஹதீஸ் அறிஞர்கள் பலவீனமானவர்களாகக் கருதினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். தமக்குக் கிடைத்ததைக் கிடைத்தபடி தருவதாகவும், வாசகர் வெறுக்கத்தக்க செய்தி ஏதேனும் இருந்தால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது என்றும் தபரீயே முன்னுரையில் எழுதிவிட்டார்கள். முன்னுரையைத் தாண்டிப் படிப்பவர்கள்தான் அவர் மீது பழி சொல்கிறார்கள்.

கேள்வி: புதிதாகப் படிப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸஹீஹுல் புகாரீயில் நபித்தோழர்களின் சிறப்புகள் என்னும் பகுதி தமிழில் கிடைக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். படிக்கும்போது அறிவிப்பவர் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வழக்கமாக விட்டுவிட்டுத்தான் படிக்கிறோம். இறைநேசர்களுக்கு, ஹிஜ்ரி 437, 438 வாக்கில் குஷைரீ (ரஹ்) அவர்கள் எழுதிய 'ரிஸாலா'வை ஓர் ஆலிமின் துணையோடு படிக்கலாம். அதில் வாழ்க்கைக் குறிப்புகள் இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களிலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் சிறியது, பெரும்பாலானவற்றில் மரண ஆண்டும் இருக்கும்.