தேன் தின்னும் கரடி

கேள்வி: ரஷ்ய மொழியில் கரடியை ‘மெத்வேத்’ என்கிறார்கள். இதற்கும் நாம் வழங்கும் ‘மது’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டா? ‘தேனை அறிந்தது’ என்பது இதன் பொருள் என்கிறாரே என் நண்பர்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: உறவு உண்டு, ஆனால் நண்பர் சொல்லும் பொருள் சரியன்று. ரஷ்யம், போலந்து மொழி, செக் முதலிய ஸ்லாவிய மொழிகள் 9ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் ஏறின என்பதால், அவற்றின் தாய்மொழிச் சொல் எந்த ஏட்டிலும் கிடைக்காது. மகள் மொழிகளை ஒப்பிட்டு அதை ‘மெத்வேதி’ என மீட்டமைத்து, உய்த்தறிந்த வடிவம் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஓர் உடுக்குறி (*) இடுகிறார்கள்.

ரஷ்யர்கள் பலரும் இதன் பிற்பகுதியில் ‘வேத்’ (அறிதல்) இருப்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அது ‘ஏத்’, அதாவது உண்ணுதல். முற்பகுதி ‘மெது’, அதாவது தேன். மனு + அந்தரம் ‘மன்வந்தரம்’ ஆவதுபோல, மெது + ஏத் சேரும்போது உகரம் வகரமாயிற்று. அந்த வகரமே மயக்கத்துக்குக் காரணம். ரிக் வேதத்தில் தேனுண்ணும் பறவைகளைக் குறிக்கும் ‘மத்வத’ என்ற சொல்லும் இதே இரண்டு உறுப்புகளால் ஆனது. நாம் வழங்கும் ‘மது’ வடமொழி வழியே வந்த அந்த முதலுறுப்புதான்.

கரடிக்குப் பழைய பெயர் வேறு. வடமொழி ‘ருக்ஷ’, கிரேக்க ‘அர்க்தோஸ்’, லத்தீன் ‘உர்சுஸ்’ ஆகியவற்றின் மூலச்சொல் அது. ஸ்லாவிய மொழிகள் அதை அடியோடு இழந்துவிட்டன. பெயரைச் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்று அஞ்சிய காட்டு மக்கள் ‘தேன் தின்னி’ என மறைத்துச் சொன்னார்கள் என்பது மொழியியலாளர் தரும் விளக்கம். இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லி வளர்ந்த எனக்கு, இந்த விளக்கத்தை ஏற்பதில் எந்தத் தயக்கமும் இல்லை.

வழித்தோன்றல்களில் செக், செர்பிய வடிவங்கள் மூலத்தை ஒட்டியே நிற்கின்றன. போலந்து மொழியில் முதல் மகரம் நகரமாகி, தேன் அடையாளம் தெரியாமல் போயிற்று. செக் வட்டார வழக்கிலும் இம்மாற்றம் உண்டு. 2003இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப்பந்து விருதைப் பெற்ற பாவெல் நெத்வேத்தின் குடும்பப்பெயர் அந்த வடிவமே. உக்ரைனியர்களோ எழுத்துகளை இடம் மாற்றி ‘வெத்மீத்’ என்கிறார்கள்.

ஹங்கேரிய மொழி, ஸ்லாவிய மொழிகளும் வடமொழியும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. எனினும் ஸ்லாவியரிடமிருந்து இச்சொல்லைக் கடன் வாங்கி, கரடியை ‘மெத்வெ’ என்கிறது. அம்மொழியில் தேனுக்கு வழங்கும் ‘மேஸ்’ என்ற சொல்லும், அதன் மூதாதை மொழி மிகப் பழங்காலத்தில் இதே ‘மெது’வின் மூலத்திலிருந்து பெற்ற கடன்தான்.