கணினி மேசைக்கு 5,000 ரூபாயில் ஸ்பீக்கர்: இரண்டு பெட்டியா, மூன்று பெட்டியா?

கேள்வியில் உள்ள விவரங்கள் இவை: கும்பகோணத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் கணினி இருக்கிறது, மகள் இணையவழியில் வீணை கற்கிறாள், இரவில் பெற்றோர் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்கிறார்கள், ஸ்பீக்கருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் செலவிட மனம் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு சிறு பெட்டிகளோடு, அடியொலிக்கென்றே சப்-வூஃபர் என்ற பெரிய பெட்டியும் கூடிய 2.1 தொகுப்பையே எடுத்து வைக்கிறார்கள், அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்பதே என் பதில். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த, இரண்டே பெட்டிகள் கொண்ட 2.0 ஜோடி ஒன்றை, கூம்பின் (அதிர்ந்து ஒலியை எழுப்பும் பகுதி) அகலம் மூன்று அங்குலத்துக்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். நான் மன்னார்குடிக்காரன், இதே அளவுத் தொகைக்குள் எங்கள் வீட்டுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஸ்பீக்கர் தேர்ந்து கொடுத்து வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2.1 தொகுப்பின் குறை அதன் விலையிலேயே இருக்கிறது. அதே பணம் மூன்று பெட்டிகளுக்குப் பங்கு பிரிகிறது. மேசை மேல் நிற்கும் இரண்டு சிறு பெட்டிகளுக்கு இரண்டு, இரண்டரை அங்குலக் கூம்புதான் கிடைக்கும். அவற்றால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு, எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழே ஒலியைத் தெளிவாகத் தர முடியாது. ஆகவே அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் பெரிய பெட்டியின் தலையில் விழுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ச', ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ். அவர் மத்திய ஸ்தாயியில் மேலே ஏறும்போது குரல் மேசை மேலிருந்தும், ஷட்ஜத்துக்கு இறங்கும்போது அதன் அடித்தளம் காலடியிலிருந்தும் வரும். திரைப்படம் பார்க்கும்போது இது யாருக்கும் உறைக்காது. விருத்தமோ ஆலாபனையோ கேட்கும்போது, பாடுபவர் இடம் மாறி மாறி உட்காருகிறாரோ என்று தோன்றும்படி செய்துவிடும். கடையில் போட்டுக் காட்டும் பாட்டு எப்போதும் குத்துப்பாட்டாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு. "கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க தம்பி, வீடே அதிரும்" என்று கடைக்காரர் சொல்வது முழு உண்மை. வீடு அதிரத்தான் செய்யும்.

வீணையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தேர்வை முடிவு செய்யக் கூடியது அதுதான். மூன்று கட்டைக்குச் சேர்த்த வீணையில் சாரணித் தந்தியின் ஷட்ஜம் ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், பஞ்சமத் தந்தி 124, மந்தரம் 82, அனுமந்தரம் 62 என்று இறங்கும். கையகலமே உள்ள யூஎஸ்பி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகின்றன. அதற்காக மந்தரத் தந்தியை மீட்டினால் ஒன்றுமே கேட்காது என்று பொருள் இல்லை. 82இன் மடங்குகளாக வரும் மேல் இசைவுகளான 164, 246, 328 ஆகியவை காதில் விழுந்தாலே, விடுபட்ட 82ஐ மூளை தானாகக் கூட்டிக்கொள்ளும். கைப்பேசியில்கூட ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான். சுரம் கேட்கும், ஆனால் வீணைக் குடத்தின் கனம் கேட்காது. மூன்றரை அல்லது நான்கு அங்குலக் கூம்பும் அடியொலிக்கு உதவும் பின்புறக் காற்றுத் துளையும் உள்ள பெட்டி 70, 80 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேர்மையாக இறங்கும். அனுமந்தரத்தின் அடி அப்போதும் முழுமையாக வராது. இந்த விலையில் அதை எதிர்பார்ப்பதும் நியாயம் அன்று.

மிருதங்கத்திலும் இதே கதைதான், ஆனால் சற்று மேலே. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், சாதாரணத் தோற்கருவிகளைப் போலன்றி மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஒன்றுக்கொன்று இசைவான மேல் சுரங்களை எழுப்புகிறது என்பதை 1920இல் வெளியான கட்டுரையில் காட்டினார். நடுவில் அப்பும் கரணை என்ற கருநிறப் பூச்சு அதிர்வுகளை இழுத்துப் பிடித்து ஐந்து இசைவுகளுக்குள் அடக்கிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். ஸ்பீக்கர் வாங்குபவருக்கு இதனால் என்ன பயன் என்றால், நல்ல கையின் 'நம்' என்ற மிருதங்கச் சொல்லைப் பிரித்துக் காட்டும் நாதம் 200இலிருந்து 2,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கும்கி என்ற உறுமல் மட்டும் கீழே இறங்கும். அடியொலியைக் கொட்டி, நடுப்பகுதியைப் புகையடித்தாற்போல் ஆக்கும் பெட்டியில் தொப்பி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். வலந்தலை எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல் இருக்கும். எனவே கடைக்குப் போகும்போது கைப்பேசியில் ஒரு தனி ஆவர்த்தனமும் (மிருதங்கம் தனியே வாசிக்கும் பகுதி), நாகசுர ராக ஆலாபனை ஒன்றும், நீங்கள் நன்கு அறிந்த ஒரு குரலும் வைத்துக்கொண்டு போங்கள். நாகசுரம் கோயில் பிராகாரத்துக்கும் வீதியுலாவுக்கும் உரிய வாத்தியம். உயர்ந்த ஒலிகளுக்கான சிறு கூம்பான ட்வீட்டர் மலிவானதாக இருந்தால் நாகசுரத்தின் மேல் ஸ்தாயி காதைக் கீறும். குறைந்த ஒலியளவிலும் கீறினால் அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்துவிடலாம்.

அடுத்து வாட்ஸ். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை (ஒரு கணத்து உச்சம் என்று சொல்லப்படுவது) எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம், தொடர்ந்து தரக் கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. உடன் வரும் அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள அவுட்புட் வரியைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அந்த அடாப்டர் தரக் கூடியது 12 வாட்ஸ்; அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போனதன் பிறகு மிஞ்சுவதுதான் ஒலியை எழுப்பும். அட்டைப்பெட்டி 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்று சொல்லி, அடாப்டர் 12 என்று சொன்னால், அடாப்டரை நம்புங்கள். யூஎஸ்பியில் மட்டும் ஓடும் ஸ்பீக்கருக்கும் இதே கணக்கு: பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்ஸ். மேலும், வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலியளவில் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரண்டு மடங்காகக் காதில் படுவதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். மேசைக்கு முன்னால் மூன்றடியில் உட்கார்ந்து கேட்பவருக்கு நேர்மையான 10 வாட்ஸே தாராளம்.

மாதிரிகளின் பெயர் கேட்பீர்கள். விலை நாளுக்கு நாள் மாறுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரியேட்டிவ் பெபிள் உருண்டையான சிறு ஜோடி. 45 பாகை சாய்வாகக் காதை நோக்கிப் பாடும். குரல் தெளிவாக வரும். ஆனால் அடி எல்லை 100 ஹெர்ட்ஸ். வீணைக்காரர் வீடு இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். எடிஃபையர் ஆர் 1280 டி நான்கு அங்குலக் கூம்பும் மரப்பெட்டியும் 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். திறனும் கொண்டது, நீங்கள் விரும்புவது இந்த வகைதான், ஆனால் உங்கள் தொகைக்குள் புதிதாக அடங்காது. சிறிது காலம் பொறுத்துப் பணம் சேர்த்தோ, தெரிந்தவரிடம் பழையதாகவோ வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். பொறுக்க இயலாது என்றால், 5,000 ரூபாய்க்குள் மூன்று அங்குலக் கூம்புடன், ஆடியோ கம்பி செருகும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளுடன் வரும் 2.0 ஜோடி எதையும் மேலே சொன்ன பாட்டுகளால் சோதித்து எடுக்கலாம். பழையதாக வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள்: ரப்பர் என்றால் நீண்ட காலம் உழைக்கும், நுரை என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர வீடுகளிலிருந்து வரும் பொருள் என்றால் பின்புறத்தில் கம்பி செருகும் துளைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கடைக்காரர் சொல்லாத ஒன்று. ஸ்பீக்கரைப் பொருத்தியதும் பாட்டே போடாத நிலையிலும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால், உடனே பொருள் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ரீங்காரம் அதுவோ அதன் இரட்டிப்பான 100ஓ தான். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால், கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, சார்ஜர் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுத்த ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், ஆடியோ கம்பியின் நடுவில் பொருத்தும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் நன்றாக வேலை செய்யும். சம்பா அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும் நாட்களில் எர்த் குழியும் வறண்டு, மின்சாரம் மண்ணில் இறங்குவது கடினமாகிவிடும். கோடையில் மட்டும் இரைச்சல் கூடுகிறது என்றால் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உப்பும் கரியும் போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் புதுப்பியுங்கள். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று யோசனை சொல்பவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. இரைச்சல் நிற்கலாம், ஆனால் உயிருக்குக் காவலாக இருப்பது அந்த முள்தான்.

மின்வெட்டின்போது மட்டும் கரகரவென்று இரைந்தால் உங்கள் இன்வர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கக்கூடும். ஸ்பீக்கருக்காக இன்வர்ட்டரை மாற்ற வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரம் பாட்டை நிறுத்திவைப்பது மலிவு. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் மட்டும் சுவிட்சை அணைத்ததோடு விடாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், இணையக் கம்பியையும் சேர்த்து.

வைக்கும் இடத்துக்குக் காசு செலவில்லை, பலனோ பெரிது. இரு பெட்டிகளும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர, பெட்டியின் முன்பக்கத்தை ஒரு மரத்துண்டால் சற்றுத் தூக்கி வையுங்கள். சுவரின் மூலையில் ஒட்டி வைத்தால் அடியொலி வீங்கும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்ற அறையில் கை தட்டினால் 'டர்ர்' என்று எதிரொலி எழும், அந்த எதிரொலி பாட்டிலும் கலக்கும். கோரைப்பாய் அதற்குப் போதாது, மெல்லியது. கட்டிலில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும் சன்னலுக்குக் கனத்த திரையும் எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியும் இருந்தால் அறை அடங்கும். பின்புறக் காற்றுத் துளையை மறந்துவிடக் கூடாது. ஊருக்குப் போய் வந்த இடைவெளியில் அதற்குள் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி, ஒரு பெட்டியின் அடியொலியை முழுவதுமாக அடைத்துவிட்டதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். நீண்ட நாள் வெளியூர் போகும்போது பெட்டிகளின் மேல் பழைய தலையணை உறையைப் போட்டுவிட்டுப் போனால் போதும்.

மகளின் வகுப்பு நேரத்தில் ஸ்பீக்கரே வேண்டாம் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரியரின் ஒலி ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்டு மைக்குக்குள் திரும்பி நுழையும். அதை வெட்டுவதற்காகச் செயலி மகளின் வாசிப்பையும் சேர்த்து வெட்டும். தம்பூரா சுருதியை விசிறிச் சத்தம் என்று எண்ணி அடக்கவும் செய்யும். கம்பி உள்ள ஹெட்ஃபோனை மாட்டி, ஜூம் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இயக்கிவிட்டால் கமகம் கமகமாகவே போய்ச் சேரும். புளூடூத் வேண்டாம், தாமதம் இருக்கும். பாடத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால், பிறகு அதைப் போட்டுக் கேட்டுச் சாதகம் செய்வதற்குத்தான் ஸ்பீக்கர்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், உத்தரவாதத்துக்கான சேவை மையம் கும்பகோணத்தில் உள்ளதா, திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நான்கைந்து கிலோ பெட்டியைக் கூரியரில் அனுப்பும் செலவு சிறிதன்று. வந்த அன்றே ஒலிக் குமிழை அடியிலிருந்து உச்சி வரை மெதுவாகத் திருப்பி, கரகரப்பு வருகிறதா, இரு பெட்டிகளும் சம அளவில் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள்.