இரும்பு தோசைக்கல்லில் தோசை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு நான்ஸ்டிக் வாங்கிவிடலாமா?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். விரிசல் விடாத கல் எதையும் மீட்டுவிடலாம். நானே மீட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அம்மாவின் வார்ப்பிரும்புக் கல். அம்மா போன பிறகு வீட்டைப் பங்கு பிரித்தபோது எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். "உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே" என்றார் அண்ணன். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. தெரிந்தும், உறவு முறிந்துவிடக் கூடாதே என்று போட்டேன். எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார்கள், சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம், அன்று நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கி வந்தது அந்தக் கல் ஒன்றைத்தான்.

மூன்று வருடம் முன்பு நாத்தனார் வந்து தங்கியிருந்தார். "ஒரே கரியா இருக்கே அண்ணி" என்று கம்பி நார் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்கத் தொட்டியிலேயே ஊற வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் கல் முழுக்கச் செந்துரு. தொட்ட விரலில் செம்மண் மாதிரி ஒட்டியது. அவர்மேல் தப்பில்லை, உதவத்தான் நினைத்தார். ஆனாலும் நான் அழுதுவிட்டேன்.

அவர் கரி என்று நினைத்ததுதான் தோசையை ஒட்டவிடாமல் காப்பது. எண்ணெயை மெல்லியதாகத் தடவி நன்றாகச் சூடேற்றினால் அது எண்ணெயாகவே இருப்பதில்லை. இறுகிப்போய் இரும்போடு ஒன்றிய கறுப்புப் படலமாகிவிடும். உங்கள் கல்லில் அது இன்னும் உருவாகவில்லை, அல்லது போய்விட்டது. அதே கல்லில் சப்பாத்தியும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் இல்லாமல் காய்ந்துகொண்டே இருந்தால் படலம் கருகி உதிரும். புளி, தக்காளி சேர்த்து எதையாவது வதக்கினாலும் அந்த அமிலம் படலத்தை அரிக்கும்.

நான் செய்தது இது. துருவைக் கல் உப்பு போட்டுத் தேய்த்து எடுத்தேன். அப்புறம் சோறு வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊற வைத்தேன், தினமும் கஞ்சியை மாற்றினேன். இதில் என்ன அறிவியல் என்று கேட்பவர்களுக்கு: புளித்த கஞ்சியின் லேசான அமிலம் மிச்சத் துருவை இளக்கும். பிறகு கழுவி, ஈரம் போக அடுப்பிலேயே காய வைத்து, நல்லெண்ணெய் தடவினேன். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். எண்ணெயைத் தாராளமாக விட்டால் பிசுக்காக நிற்கும், தோசை இன்னும் மோசமாக ஒட்டும். தடவிய எண்ணெயைத் துணியால் துடைத்தே எடுத்துவிட வேண்டும், மினுமினுப்பு மட்டும் இருந்தால் போதும். புகை வரும்வரை சூடாக்கி, தானாக ஆறவிட்டு, மறுபடி தடவ வேண்டும். நான் ஐந்து முறை செய்தேன். அதன் பிறகு ஒரு வாரம் வெங்காயம் மட்டும் வதக்கினேன். முதல் நான்கு தோசை பிய்ந்துதான் வந்தது. ஐந்தாவது, ஓரம் தானாக எழும்பி, தோசைத்திருப்பி வைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது.

சோப்புத் துளி பட்டாலே கல் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் சோப்புக்கு ஒன்றும் ஆகாது, பழகிய கல்லைத் தண்ணீரில் ஊற வைப்பதுதான் ஆகாது. நான்ஸ்டிக் வைத்திருப்பவர்களையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் கல்லை அடுப்பில் மறந்துவிட்டால் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. கீறல் விழுந்தால் வீட்டில் சரிசெய்யவும் வழியில்லை.

தினமும் வார்க்கும்போது கல்லை மிதமான தீயில் நிதானமாகக் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாக வேண்டும். பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, தீயைக் குறையுங்கள். தெளிப்பது சில துளிகள்தான். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம், அதை மட்டும் யாராலும் மீட்க முடியாது. சப்பாத்திக்கு வேறு கல் வாங்கிக்கொள்ளுங்கள்.