தேசிய சைக்கிள் ஓட்டம்: பட்டியலில் யாரைக் கவனிப்பது, யாருடைய சில்லைப் பிடிப்பது?

கேள்வி: நாங்கள் சாவகச்சேரியில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது. மாவட்ட மட்டத்தில் சைக்கிள் ஓட்டத்தில் முன்னுக்கு வந்திருக்கிறான். தேசிய வீதிச் சைக்கிள் சம்பியன்ஷிப்பில் ஓட வேண்டும் என்று நிற்கிறான். படைப்பிரிவுகளின் அணிகள் கூட்டமாக வரும் இடத்தில் தனியாளாகப் போய்ப் பிரயோசனம் உண்டா? யார் வெல்லக்கூடியவர் என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது? பாதை மலைப்பக்கம் என்றால் எங்கள் ஊரில் எப்படிப் பழகுவது? கார்பன் சில்லு வாங்கித் தா என்றும் கேட்கிறான்.

பதில்: முதலில் வயதைப் பார்த்துவிடுவோம், அவசரம் அதில்தான் இருக்கிறது. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனத்தின் கணக்கில் பிறந்த நாள் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். 17, 18 வயது நிறையும் ஆண்டுகளில் ஜூனியர். 19 நிறையும் ஆண்டு பிறந்தவுடனேயே அந்தப் பிரிவு கையை விட்டுப் போய்விடும், பிறந்த நாள் டிசம்பரில் வந்தாலும் சரி. மகன் இந்த ஆண்டில் 18 ஆனவர் என்றால் ஜூனியராக ஓட இதுவே கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு பெரியவர்களோடு நிற்க வேண்டி வரலாம். கழகம் மூலம் பெயர் கொடுக்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இனி கணிப்பு. தேசிய சம்பியன்ஷிப் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, ஆட்களை ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பும் நேர ஓட்டம். மற்றது, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் வீதி ஓட்டம். நேர ஓட்டத்தில் காற்றுக்கு மறைவாக இன்னொருவரின் பின்னால் ஒளிய முடியாது, விதியே அனுமதிக்காது. அங்கே கால்பலம் பேசும், போன தடவை வென்றவர் இந்தத் தடவையும் வெல்வார் என்று சொன்னால் பெரும்பாலும் பிழைக்காது. வீதி ஓட்டத்தில் அந்தக் கணிப்பு உதவாது.

இத்தாலியைப் பாருங்கள். 2019, 2020, 2022, 2023 என்று தேசிய நேர ஓட்டப் பட்டம் பிலிப்போ கன்னாவிடமே போனது. அதே நாட்டின் வீதி ஓட்டத்தில் 2019 இல் ஃபோர்மோலோ, 2020 இல் நிட்சோலோ, 2021 இல் கோல்பிரெல்லி, 2022 இல் சானா, 2023 இல் வெலாஸ்கோ, 2024 இல் பெத்தியோல், 2025 இல் கொன்கா. ஏழு வருடம், ஏழு பேர். ஃபோர்மோலோ ஏற்றம் ஏறுபவர், நிட்சோலோ கடைசி இருநூறு மீற்றரில் பாய்பவர். பாதை மாற மாற வெல்லும் உடம்பும் மாறுகிறது. ஆகவே பெயர்ப் பட்டியல் கைக்கு வந்ததும் பெயர்களில் கண்ணை ஓட்டாதீர்கள். பாதையின் வரைபடத்தை முதலில் எடுங்கள். கடைசி இருபது கிலோமீற்றரில் ஏற்றம் இருக்கிறதா, முடிவுக் கோட்டுக்கு முன்னால் நீண்ட நேர்வீதியா, சுற்றுப்பாதையா? சமதரையில் முடியும் பாதையென்றால் வேகப் பாய்ச்சல்காரரும் அவரைக் கொண்டுவந்து விட ஆள் வைத்திருக்கும் அணியும்தான் முதல் சந்தேகநபர்கள். முடிவு மேட்டில் என்றால் மெல்லிய உடம்புக்காரர்.

பாதைக்கு அடுத்தது தலைக்கணக்கு. பட்டியலைக் கழகவாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். எந்தச் சீருடையில் எத்தனை பேர்? எங்கள் நாட்டில் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்குச் சொந்த விளையாட்டு அணிகள் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்றாகவே பழகுபவர்கள். அவர்களை மகன் பயந்து பார்க்கத் தேவையில்லை, ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு பலமானவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். அங்கே 2011 முதல் 2022 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், ஆண்களின் வீதிப் பட்டம் ஒரே வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தம்பி பீட்டர் சகான் எட்டுத் தடவை, அண்ணன் யுராய் சகான் நான்கு தடவை. பீட்டர் 2015, 2016, 2017 மூன்று ஆண்டும் உலகச் சம்பியன். எல்லோருடைய கண்ணும் அவர்மேல்தான். அப்படி ஒருவர் கூட்டத்தில் இருந்தால் எதிராளிகளுக்கு வரும் சிக்கல் என்ன? தம்பியைக் காவல் காத்தால் அண்ணன் போய்விடுவார். அண்ணனைத் துரத்தினால் தம்பி சும்மா பின்னால் இருந்து வந்து கடைசியில் பாய்வார். 2016, 2017, 2019, 2020 இல் பட்டம் அண்ணனுக்கு.

இதற்குள்தான் தனியாளாக வரும் பிள்ளைக்கான விடையும் இருக்கிறது. வட்ஸ்அப்பில் எல்லோரும் சொல்லும் பெரிய பெயரின் சில்லை மகன் பிடிக்கக் கூடாது, அதாவது அவருக்குப் பின்னால் ஒட்டி ஓடக் கூடாது. அந்தச் சில்லுக்குப் பின்னால் ஏற்கெனவே இருபது பேர் முண்டியடிப்பார்கள், அந்தப் பெரியவர் அசைந்தவுடன் முழுக் கூட்டமும் அசையும். பலமான அணியின் இரண்டாவது, மூன்றாவது ஆள் யார் என்று பார்த்து வையுங்கள். முந்தைய போட்டிகளில் முதல் பத்துக்குள் வந்து, முதலிடம் மட்டும் வராதவர். அவர் பிரிந்து ஓடினால் பின்னால் இருக்கும் அவருடைய சொந்த அணி துரத்தாது. துரத்த வேண்டிய வேலை மற்றவர்கள் தலையில் விழும், மற்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடைவெளியில் அவரோடு சேர்ந்து போன தனியாளுக்கு ஒரு முழு அணியின் காவல் காசில்லாமல் கிடைக்கிறது.

இன்னும் ஒரு அடையாளம். பிரிந்து போகும் குழுவில் இரண்டு பலமான அணிகளின் ஆட்களும் இருந்தால் அதுதான் ஏற வேண்டிய பஸ். ஒரு அணி மட்டும் இருந்தால் மற்ற அணி துரத்திப் பிடித்துவிடும், போட்ட பலம் வீண். போட்டி தொடங்கியதும் முதல் அரை மணித்தியாலத்தில் பத்துப் பதினைந்து பேர் மாறி மாறிப் பாய்வார்கள். எல்லாவற்றோடும் போகப் பார்த்தால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கால் காலியாகிவிடும். தனியாளிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ பாய்ச்சல்தான், எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

தனியாளால் முடியுமா என்ற உங்கள் சந்தேகத்துக்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொல்லலாம். பெண்கள் வீதி ஓட்டத்தில் ஒஸ்திரியாவின் ஒரே ஆள் அன்னா கீசென்ஹோஃபர். எதிரே நெதர்லாந்தின் நான்கு பேர், உலகின் மிகப் பலமான அணி. அவர் தொடக்கத்திலேயே சிறு குழுவோடு பிரிந்தார், பிறகு தனித்தார், ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் தங்கம். அந்தப் போட்டியில் காதில் ரேடியோ இல்லை, முன்னால் ஒருவர் போகிறார் என்று சொல்ல வழியில்லை. இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் ஃபான் ஃப்லூட்டன் தான் வென்றதாக நினைத்துக் கையை உயர்த்தினார். மேலே சொன்ன கொன்காவும் 2025 இல் பெரிய தொழில்முறை அணி எதிலும் இல்லை, ஸ்வாட் கிளப் என்ற சிறு கழகத்தின் சட்டையில் வந்து இத்தாலியப் பட்டத்தை எடுத்துப் போனார். ஆனால் இதைக் கேட்டு மகன் மயங்கிவிடக் கூடாது: கொன்கா முன்பு பெரிய அணிகளில் ஓடியவர், கீசென்ஹோஃபர் தன் நாட்டு நேர ஓட்டச் சம்பியன். முன்னால் தனியாகக் காற்றைத் தாங்கத் தெரிந்தவர்கள் இருவரும்.

காற்றைத் தாங்குவதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறை இல்லை. சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும்போது செலவாகும் பலத்தின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே. ஒருவரின் பின்னால் நெருங்கி ஓடினால் அதில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். பக்கக் காற்றில் கதை மாறும். நேர் பின்னால் நின்றால் பாதுகாப்பு இல்லை, காற்று வராத பக்கமாகச் சற்று விலகிப் பின்னால் நிற்க வேண்டும். வீதியின் அகலம் முடிந்த இடத்தில் மிஞ்சியவர்கள் விளிம்பில் தொங்கி ஒவ்வொருவராக அறுந்து போவார்கள். இதைப் பழக உங்கள் வீட்டுக்குக் கிட்டவே இடம் இருக்கிறது. ஏ9 வீதி பளையிலிருந்து ஆனையிறவு வரை தென்கிழக்காக ஓடுகிறது. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது, அதாவது ஏறக்குறையச் செங்குத்தாக விலாவில் அடிக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை, யாரும் சொல்லித் தருவதில்லை. சோளகக் காலத்தில் பளையிலிருந்து ஆனையிறவு போகும்போது காற்று வலப்பக்கத்தால் வரும். ஆகவே ஒளியும் இடம் முன்னவரின் இடப்பக்கம், வீதி ஓரம். திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம், ஒளியும் இடம் வீதியின் நடுப்பக்கம். அங்கே கொழும்பு பஸ்ஸும் லொறியும் வரும். எனவே சோளகத்தில் போகும் வழியில் மட்டும் விலகி நின்று பழகட்டும், வரும் வழியில் ஒற்றை வரிசை. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ்: ஆனையிறவிலிருந்து பளை வரும் வழிதான் பழகும் வழி. இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் வேண்டாம். வெறும் எதிர்க்காற்றுக்குப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் சோளகம் முகத்திலேயே அடிக்கும்.

மலைக்கு வருவோம். எதிர்க்காற்றில் கனமான கியரில் இருந்தபடியே ஐந்து முதல் எட்டு நிமிடம் ஒரே சீராக மிதித்து, ஆறி, திரும்ப மிதிப்பது ஏற்றத்துக்குக் காலைத் தயாராக்கும். ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். காற்று உடம்பின் நிறையைக் கேட்பதில்லை, மலை கேட்கும். சமதரையில் எல்லோரையும் வெட்டும் கட்டுமஸ்தான பெடியன் ஏற்றத்தில் ஐம்பது கிலோப் பிள்ளையிடம் தோற்பான்.

என் பயம் ஏற்றத்தைப் பற்றி அல்ல, இறக்கத்தைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வளைவைக் கண்டிருக்க வழியே இல்லை. ஏற்றத்தில் பத்து விநாடி பிந்தினால் பிறகு பிடிக்கலாம். இறக்கத்தில் பயந்து பிரேக்கைப் பிடித்தபடி வருபவன் அரை நிமிடம் இழப்பான், பயத்தை மறைத்துக்கொண்டு வருபவன் விழுவான். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடிக்கக் கூடாது. வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன்மேல் நிறை. கண் சில்லுக்கு முன்னால் உள்ள தாரில் அல்ல, வளைவு முடியும் இடத்தில். இதை ஊரில் வாகனம் இல்லாத விடிகாலைச் சந்திகளில் மெதுவாகத் தொடங்கலாம், முழுதாகக் கற்க மலைக்குத்தான் போக வேண்டும். தூரம் என்று பார்க்காதீர்கள், ஏ9 வீதியே தம்புள்ளை தாண்டி மாத்தளை, கண்டிப் பக்கம் ஏறி இறங்குகிறது. ஒரு வார இறுதி, கூட ஒரு பெரியவர், போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் இல்லை. மணித்தியாலத்துக்கு ஐம்பது, அறுபது கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். இதரை வாழைப்பழமும் பனங்கட்டியும் தாராளமாகப் போதும். போத்தலில் சீனி, உப்பு, தேசிப்புளி கரைத்த தண்ணீர். போட்டி நாளில் புதிதாக ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது, யார் என்ன சக்திப் பொடி தந்தாலும்.

கடைசியாகச் சில்லு. கார்பன் சில்லு நல்லதுதான், நேர ஓட்டத்தில் விநாடிகளைத் தரும். ஆனால் மகன் ஓடப்போவது வீதி ஓட்டம், அங்கே மற்றவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வரை அதன் பலன் சிறிது. அந்தக் காசில் நல்ல ரயர் இரண்டு, மாற்று ரியூப், புதுப் பிரேக் கட்டை வாங்குங்கள். ரயருக்குக் கல்லுப்போலக் காற்றடிக்கும் எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். கரடான தாரில் அது துள்ளித் துள்ளி வேகத்தைத் தின்னும், வளைவில் பிடி தராது. மிஞ்சும் காசில் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன் பாதைக்கு ஒருக்கால் கூட்டிப் போய், கடைசி இருபது கிலோமீற்றரை மூன்று தடவை ஓடவிடுங்கள். எந்த வளைவில் மணல் கிடக்கிறது, முடிவுக் கோட்டில் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஒரு கொப்பியில் அவரே எழுதட்டும்.